சுண்டலுக்கு முன்னும் பின்னும்: மூத்த குடிமக்கள் மன்றச் சிறப்புரைகள் குறித்து ஓர் ஆய்வு

நடுகல்லுக்கு ஆய்வேடு உண்டு. தாலாட்டுக்கு உண்டு. பானையோட்டுக் கீறலுக்கும் உண்டு. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பிள்ளையார் கோயிலை ஒட்டிய சமுதாயக் கூடத்தில், முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நடப்பதைப் பற்றி மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அக்குறை இத்துடன் நீங்குகிறது. தரவுகள் அனைத்தும் நேரடிக் களப்பணியில் திரட்டியவை. களப்பணி என்று சொல்வது ஆய்வு மரபு கருதி. உண்மையில் நான் அங்கே ஐந்து வருடமாகச் சந்தா கட்டும் உறுப்பினர். ரசீது இருக்கிறது.

முதலில் திணை. தொல்காப்பியர் காலத்தில் பென்ஷன் இல்லாததால் ஓய்வுத்திணை விடுபட்டுப்போயிற்று. முதற்பொருளில் நிலம் என்பது மின்விசிறியும் மின்விசிறி சார்ந்த இடமும். விசிறிக்கு நேர் கீழே உள்ள ஆறு நாற்காலிகளைக் கைக்குட்டை, செய்தித்தாள், குடை ஆகியவை நாலரை மணிக்கே ஆட்கொண்டுவிடும். சிறுபொழுது ஐந்து முதல் ஏழு வரை. ஏழரைக்கு மாத்திரை, எட்டுக்குச் சீரியல். பெரும்பொழுது நவம்பர். மத்திய அரசுப் பென்ஷனர்கள் தாங்கள் உயிரோடிருக்கும் செய்தியை அரசுக்குச் சொல்லும் பருவம் அது. 2014-ல் ஜீவன் பிரமாண் வந்தபோது விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். முப்பத்தைந்து வருடம் கோப்பு புரட்டிய விரலில் ரேகை இருந்தால்தானே? 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று இறங்கி வந்தார்கள். அன்றிலிருந்து நவம்பர் கூட்டங்களில் ஒருவர் போனை நீட்ட, இன்னொருவர் அதன் முன் விறைப்பாக நின்று கண்ணைக் கொட்டுவதைக் காணலாம். கண் கொட்டினால் உயிர் இருப்பதாக அர்த்தம்.

கருப்பொருளில் தெய்வம் பிள்ளையார், உணவு சுண்டல், மரம் வாசல் வேம்பு, விலங்கு செருப்புக்குக் காவலிருக்கும் தெருநாய், புள் ஜன்னல் புறா, பறை மைக், தொழில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுதல். யாழ் எதுவென்று வெகுநாள் பிடிபடவில்லை. ஒருநாள் தலைமையுரையின் நடுவே முன்வரிசைக்காரர் ஒருவரின் காது மெஷின் தானாகவே 'கீ...' என்று இழுத்தபோது தெளிந்தது.

உரிப்பொருளில் உரையாசிரியர்களுக்குள் சண்டை வரலாம். என் முடிபு, முல்லைக்குரிய இருத்தலே இதற்கும் உரியது. அங்கே தலைவி தலைவனுக்காகக் காத்திருக்கிறாள். இங்கே அனைவரும் டி.ஏ.வுக்காகக் காத்திருக்கிறார்கள். ஜூலையில் வரவேண்டிய அகவிலைப்படிக்கு அறிவிப்பு வருவது பெரும்பாலும் புரட்டாசியில். அதாவது கார்காலம் வந்தும் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. இதைவிடத் துல்லியமான முல்லை கிடையாது.

அடுத்து வரலாறு. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் முதியோர் பென்ஷன் சட்டம் கொண்டுவந்தபோது தகுதி வயதை எழுபது என்று வைத்தார். அந்த வயதை அன்று எட்டிப் பிடித்தவர்களே குறைவு என்பதால் மன்றம் வைக்கத் தேவையோ, ஆள்பலமோ ஏற்படவில்லை. ஆயுள் நீண்ட பிறகுதான் சாயங்காலம் ஒரு பிரச்சினையாக மாறியது. இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டி என்னும் ஊரில் 1965-ல், லண்டனுக்கு ரயிலில் போய் வேலை பார்த்து ஓய்ந்த நண்பர்கள் காலையில் காபிக்குக் கூடினார்கள். அதிலிருந்து ஒரு கிளப் பிறந்தது. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் புரோபஸ் கிளப்களின் ஊற்றுக்கண்களில் அது ஒன்று. மாதந்தோறும் ஒரு விருந்துப் பேச்சாளர் என்பது அவற்றின் அசையாத சடங்கு. இதற்கு நேர் எதிராக, பிரான்சின் துலூஸ் நகரில் 1973-ல் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் முதியோருக்கென்றே ஒரு பல்கலைக்கழக ஏற்பாட்டைத் தொடங்கினார். அங்கே பாடம் முந்தியது. வெல்வினில் காபி முந்தியது. எங்கள் காலனி மன்றம் எந்த மரபைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு, அழைப்பிதழின் அடியில் உரையின் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் அச்சான 'சிற்றுண்டி உண்டு' என்ற வரியே கல்வெட்டுச் சான்று.

நிகழ்ச்சி நிரலை விரிக்கப்போவதில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, தலைமை, சிறப்புரை, நன்றி, நாட்டுப்பண். இடையில் அந்த மாதத்துப் பிறந்தநாள்காரர்களுக்குக் கைதட்டல். இதில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. மத்திய அரசுப் பென்ஷனருக்கு எண்பது வயது நிறைந்தால் அடிப்படைப் பென்ஷனில் இருபது சதவீதம் கூடும். 85-ல் முப்பது, 90-ல் நாற்பது, 95-ல் ஐம்பது, நூறில் நூறு. கிழத்தன்மைக்கு இன்கிரிமென்ட் தரும் ஏற்பாடு இது. ஆகவே எங்களிடையே எண்பது வயதுக்காரரைப் பார்த்துப் பொறாமைப்படுவது இயல்பு. சிக்கல் என்னவென்றால், அவர்களில் பலருக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று அம்மா சொன்னது; மற்றது பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்டுக்கொடுத்தது. மன்றத்தில் ஒருவர் ஜாதகப்படி எண்பத்தொன்று, சர்க்கார்படி எழுபத்தொன்பது. சதாபிஷேகம் கிட்ட வந்துவிட்டது, இருபது சதவீதம் இன்னும் வரவில்லை. எழுபது வருடத்துக்கும் முந்தைய ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியரை அவர் இன்றும் மைக்கில் திட்டுகிறார்.

ஒருநாள் வேன் சுற்றுலாவும் உண்டு. அது நவக்கிரகம் அல்லது திவ்யதேசம். புறப்படும்போது, ஆண்களுக்கு நாற்பதும் பெண்களுக்கு ஐம்பதும் என்று இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனதை ஒருவர் நினைவுகூர வேண்டும். கூர்ந்தால்தான் வேன் நகரும்.

இனி இவ்வாய்வின் மையப் பொருளான சிறப்புரை. எந்தத் துறைப் பேச்சாளர் வந்தாலும் தலைப்புகள் ஐந்துக்குள் அடங்கும்: மூட்டு, சர்க்கரை, உயில், சைபர் மோசடி, கம்பன். கம்பனுக்குக் கூட்டம் குறைவு, கண்ணீர் அதிகம். உயிலுக்குக் கூட்டம் அதிகம், சத்தம் குறைவு. வக்கீல் வந்து, உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்றபோது, எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் சம்பந்தி இருக்கக்கூடும்.

சைபர் மோசடி பற்றிப் பேச வந்த இளைஞருக்கு முப்பது வயது இருக்கும். பணம் போனால் உடனே 1930-க்கு அடியுங்கள் என்று சொல்லிவிட்டு, ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள், யாரிடமும் என்றால் யாரிடமும்தான் என்று மூன்றாவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் போனில் உரக்கச் சொன்னது: "நாலு... ஏழு... ஏழு... ரெண்டு. கேக்குதா? நாலு!" கூடமே திரும்பியது. கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. அவர் வீட்டில் இல்லாததால் டெலிவரி பையன் நம்பர் கேட்டிருக்கிறான். பேச்சாளர் சற்று யோசித்துவிட்டு, "அது பரவால்ல சார், அது வேற" என்றார். எது வேறு, எப்படி வேறு என்பதிலேயே மிச்ச நேரம் போயிற்று. அன்று மன்றம் உருப்படியாகக் கற்றது அந்தப் பத்து நிமிடத்தில்தான் என்பது என் மதிப்பீடு.

இத்தனை மாதத் தரவுகளையும் அடுக்கிப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. சிறப்புரை என்பது கேள்வி நேரத்துக்கு முன் நாம் பொறுத்துக்கொள்ளும் பகுதி. "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேக்கலாம்" என்று செயலாளர் சொன்னதும் மைக்குக்காக நீளும் கைகளைப் பார்க்க வேண்டும். கேள்வி இரண்டு பாகம் கொண்டது. பின்பாகம் சிறியது, சிலசமயம் இராது. முன்பாகம் தன்னறிமுகம். "நான் தாசில்தார்." "நான் கோஆப்டெக்ஸ் மேனேஜர்." "நான் ஹெச்.எம்." யாரும் 'இருந்தேன்' என்று சொல்வதில்லை.

இதைப் பொய் என்று தள்ளுவது இலக்கணம் அறியாதார் செயல். தமிழில் பெயர்ப்பயனிலைக்குக் காலம் கிடையாது. வினை வந்தால்தான் இறந்தகாலம் ஒட்டிக்கொள்ளும். 'நான் தாசில்தார்' என்ற வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் பெயர். காலம் புகுந்துகொள்ள ஓர் இடுக்கும் இல்லை. ஆங்கிலேயனுக்கு இந்த வசதி இல்லை. அவன் வாயைத் திறந்தாலே 'ஆம்' அல்லது 'வாஸ்' போட்டாக வேண்டும். அரசாங்கம் நம்மை அறுபதில் அனுப்புகிறது. இலக்கணம் அனுப்புவதில்லை.

ஒரு காட்சி. எலும்பு மருத்துவர் மூட்டுத் தேய்மானம் பற்றி நாற்பது நிமிடம் பேசி முடித்திருந்தார். மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் ஈ.பி., டாக்டர். எழுபத்தேழு நவம்பர் புயல்ல நாகப்பட்டினத்துக்கு லைன் குடுக்கப் போன செட்டுல நானும் ஒருத்தன். புதுசா சேர்ந்த பையன். கம்பம் பூரா சாஞ்சு கெடக்கு..." டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் பார்க்கவில்லை. அந்தக் கதை எங்களுக்கு ஏழாவது முறை. ஒவ்வொரு முறையும் கம்பம் இரண்டடி உயர்ந்துவருகிறது. ஈரக் கம்பத்தில் கயிறு கட்டி ஏறியது, இடுப்பளவு தண்ணீரில் கம்பியை இழுத்தது, கடைசியில் ஒரு தெருவுக்கு விளக்கு எரிந்தபோது உள்ளேயிருந்து ஒரு கிழவி கும்பிட்டது வரை வந்து நின்றார். பிறகு, எதற்காக எழுந்தோம் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, "அதான், உப்பு ஒத்தடமா, ஐஸ் ஒத்தடமா?" என்றார்.

"எந்தக் கால் சார்?"

"ரெண்டும்."

பெண்கள் விஷயத்தில் இக்கொள்கை முழுதாகப் பொருந்தவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஹெச்.எம். டீச்சர் ஒருவரைத் தவிர, மற்றவர்கள் கைதூக்குவதே அபூர்வம். தூக்கினாலும் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். விசாரித்ததில், "எங்களுக்கு எங்கே ரிட்டயர்மென்ட்?" என்றார் ஒரு மாமி, சுண்டல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டே. ஆய்வாளன் பாத்திரத்தின் மறுபக்கத்தைப் பிடித்திருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

கடைசியாகப் பொன்னாடை. பேச்சாளருக்கு மன்றம் போர்த்தும் சால்வை அவரிடம் தங்குவதில்லை; அவர் அதை இன்னொரு மேடையில் இன்னொருவருக்குப் போர்த்துகிறார் என்ற கருத்து பரவலாக நிலவினாலும் நிரூபணம் இல்லாமல் இருந்தது. தற்செயலாக எனக்கு அது வாய்த்தது. ஒரு கூட்டத்தில், மடித்து வைத்திருந்த பச்சைக்கரைச் சால்வையின் இடது ஓரத்தில் சாம்பார் வாளி பட்டு மாங்காய் வடிவில் கறை விழுந்தது. துடைத்தும் போகவில்லை. கறையை உள்ளே மடித்து எலும்பு மருத்துவருக்குப் போர்த்தினோம். விநாயகர் சதுர்த்தி மேடையில் அதே சால்வை கவுன்சிலர் தோளில் இருந்தது. தீபாவளிக்கு முன் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு கவிஞர்மேல் இருந்தது. டிசம்பரில் எங்களிடமே திரும்பி வந்து, என் தோளில் விழுந்தது.

டிசம்பர் 17 பென்ஷனர் தினம். ராணுவ அமைச்சகத்தில் பணியாற்றி 1972-ல் ஓய்வுபெற்ற டி.எஸ். நகாரா தொடுத்த வழக்கில் 1982-ல் அதே நாளில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1979-ல் உயர்த்திய பென்ஷன் அந்த ஆண்டு மார்ச் 31 அன்றோ அதற்குப் பின்னோ ஓய்வுபெறுவோருக்கு மட்டும்தான், முன்னால் போனவர்களுக்கு இல்லை என்று அரசு போட்ட கோட்டை ஐந்து நீதிபதிகள் அழித்தார்கள். தேதியை வைத்து மனிதரைப் பிரிக்கக்கூடாது என்பதுதான் சாரம். அதைப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தீர்ப்பைத் தேதிவாரியாக எழுதி வைத்துக்கொண்டு, "நான் தொலைபேசித் துறையில் பணியாற்றியவன்" என்று ஆரம்பிக்க வேண்டும் என்று தயாராகத்தான் போனேன். மைக் கைக்கு வந்ததும் வாய் சொன்னது: "நான் டெலிபோன்ஸ்."

அந்தத் துறையே இப்போது இல்லை. 2000 அக்டோபர் 1 அன்று அது பி.எஸ்.என்.எல். ஆகிவிட்டது. அக்டோபர் 1 உலக முதியோர் தினமும்கூட. அந்த பி.எஸ்.என்.எல்.லில் இருந்தும் 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த ஏறத்தாழ 78,000 பேரில் நான் ஒருவன். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஈ.பி.க்காரர் மட்டும் தலையை ஆட்டினார்.

அந்தச் சால்வையை நான் ஜனவரியில் கும்பகோணம் போனபோது ஒரு புதுமனை புகுவிழாவில், யோசிக்காமல், வீட்டுக்காரருக்குப் போர்த்திவிட்டேன். தொடர்ச்சி அங்கே அறுந்தது. ஆய்வு முழுமையடைய அது கிடைத்தாக வேண்டும். தவிர, வருகிற சனிக்கிழமை கண் மருத்துவர் வருகிறார், கையில் வேறு சால்வை இல்லை. காவிரிக் கரைப் பக்கம் எந்த மேடையிலாவது பச்சைக்கரைச் சால்வையைப் பார்ப்பவர்கள் தயவுசெய்து இடது ஓரத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாங்காய் இருந்தால் எங்களுடையது.