காற்று வாங்கும் பிரேக்

கேள்வி: பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. உள்ளே இருக்கும் காற்றை வீட்டிலேயே எடுக்கலாமா? எனக்கு இதுதான் முதல் தடவை.

பதில்: எடுக்கலாம், ஒண்டியாக வேண்டாம். காற்று அமுங்கும், பிரேக் ஆயில் அமுங்காது. இப்போது உங்கள் கால் காரை நிறுத்துவதை விட்டுவிட்டுக் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கிறது!

வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டில் வையுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நீங்கள் சக்கரத்திலுள்ள பிளீடர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் திருகு) ஒரு டியூபை மாட்டி, நிப்பிளைக் கொஞ்சம் திறந்தால் டியூபில் ஆயிலும் குமிழியும் வரும். நிப்பிளை மூடும்வரை பெடலிலிருந்து கால் எழவே கூடாது. எழுந்தால் வெளியே போன காற்று திரும்பக் குடிவரும். ஆகவே, வீட்டில் உங்கள் பேச்சைக் கேட்கிற ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். வேலையில் கஷ்டமான பகுதி அதுதான்.

மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. பரணில் திறந்து கிடக்கும் பழைய பாட்டிலைத் தொடாதீர்கள். அது காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறினால் கொதிநிலை 155 வரைகூட இறங்கலாம். பிரேக் சூடேறும் மலை இறக்கத்தில் அது உயிர் விஷயம். ஏபிஎஸ் உள்ள சில கார்களில் காற்றை எடுக்க ஸ்கேனர் தேவைப்படும், மேனுவலைப் பாருங்கள்.

பெடல் கெட்டியான பிறகே தெருவுக்கு எடுங்கள், அதுவும் ஆளில்லாத தெருவில், மெதுவாக.