தோற்றவருக்கும் ஒரு நாற்காலி

கேள்வி: ஜப்பானில் வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் கொடுக்கிறார்களாமே, அது நம் குமரி மாவட்டத்துக்கு வந்தால்?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: அங்கேயும் அரைகுறைதான். கீழவையின் 465 இடங்களில் 289 நம்மூர்ப் பாணி. மீதி 176 மட்டும் 11 வட்டாரங்களில் விகிதாசாரம். தொகுதியில் தோற்றவர் கட்சிப் பட்டியலிலும் பெயர் கொடுத்திருந்தால், நூலிழையில் தோற்றதையே தகுதியாகக் காட்டி உள்ளே நுழையலாம். நம்மவர் காதில் விழுந்தால் அடுத்த விமானத்தில் டோக்கியோ!

2014-இல் கன்னியாகுமரியில் பொன். ராதாகிருஷ்ணன் 40 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் எம்.பி. ஆனார். அதே தேர்தலில் தமிழகம் முழுக்க 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்குப் பூஜ்யம். சுமார் 44 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 37. விகிதாசாரம் என்றால் இது ஏறக்குறைய ஒன்பதும் பதினேழுமாக ஆகியிருக்கும்.

அதற்காக அதைத் தங்கம் நிறுக்கும் தராசு என்று நம்பிவிடாதீர்கள். குமரிக்குச் சட்டமன்றத்தில் ஆறு இடம். யாழ்ப்பாணத்துக்கு இலங்கை நாடாளுமன்றத்தில் அதே ஆறு, அதுவும் விகிதாசாரத்தில். 2024-இல் அங்கே தேசிய மக்கள் சக்தி கால்வாசி ஓட்டுக்கு மூன்று இடங்களை அள்ளியது. எதிரணி ஓட்டுகள் சிதறின. முதலில் வந்த கட்சிக்குப் போனஸாக ஓர் இடமும் உண்டு. பிரிந்து நின்றால் எந்த முறையும் காப்பாற்றாது.