பூன் லேயில வசந்தம் வந்துடுச்சாமே!

வா தம்பி, உக்காரு. தக்காளி, கொத்தமல்லி, ரோஜா, மல்லின்னு பொட்டலம் பொட்டலமா வாங்கி அடுக்கிட்டியாமே. வீடியோவுல எந்த நாட்டம்மாவோ ‘வசந்தம் பொறந்தாச்சு, விதைங்க’ன்னு சொல்லிச்சாம், நீயும் மார்ச் மாசமாச்சேன்னு மண்ணக் கிளறிட்டே. அந்தம்மா ஊருல பனி உருகியிருக்கும். இங்க உருகறதுக்கு உன் மூளையத் தவிர என்ன இருக்கு?

ஆடிப்பட்டம், தைப்பட்டம்னு நம்ம ஊருல ஒரு கணக்கு உண்டு. ஆனா இது சிங்கப்பூரு, நிலநடுக்கோட்டுக்கு ஒண்ணரை டிகிரிகூடத் தள்ளியில்லாத ஊரு. வருஷம் பூரா 12 மணி நேரப் பகல். ஆனா வடகிழக்குக் காத்து ஓஞ்சு தென்மேற்கு வர்றதுக்குள்ள, மார்ச் கடைசியிலேருந்து மே வரைக்கும், ரெண்டுங்கெட்டான் மாசங்க. காலையில வெயில் மண்டையப் பொளக்கும்; ஐயோ காயுதேன்னு நீ வாளியோட ஓடுவே. மத்தியானத்துக்கு மேல இடி இடிச்சு, சாரல் தாழ்வாரம் பூரா அடிக்கும். ரெட்டைக் குளியல்ல வேரு அழுகிப்போகும். 1983 ஏப்ரல்ல நம்ம பக்கத்துத் தெங்காவுல 37 டிகிரி அடிச்சுது. அதத் தொட அங் மோ கியோவுக்கு 2023 மே வரைக்கும் ஆச்சு. ரெண்டும் உன் வசந்த காலத்துலதாம்ப்பா. சுமத்ரா சூறக்காத்து வேற விடியக்காலையில வந்து நிக்கும். கைப்பிடிச் சுவருமேல தொட்டி வெச்சேன்னா, செடி வளருதோ இல்லியோ, உன் மேல வழக்கு வளரும்.

ஈரம் பாக்கறதுக்கு ஒரு மிஷினு ஆர்டர் போட்டிருக்கியாம். விரலுன்னு பத்து குடுத்திருக்கானே, அதுல ஒண்ண ரெண்டு கணு மண்ணுக்குள்ள விடு. மண்ணு ஒட்டுனா வாளியக் கீழ வை.

நீ பாக்க வேண்டியது மாசத்த இல்ல, வெயில. சூரியன் மார்ச்சுலயும் செப்டம்பர்லயும் உச்சந்தலைக்கு மேல போவும். ஜூன்ல வடக்க சாயும், டிசம்பர்ல தெக்க சாயும். வடக்குப் பாத்த வாசலுக்கு ஜூன்ல வெயில் எட்டிப் பாக்கும். டிசம்பர்ல அந்தப் பக்கமே திரும்பாது. தெக்குப் பாத்த வீட்டுக்காரனுக்கு அப்படியே தலகீழ். எதிர்ல ஒரு பிளாக் நின்னுச்சுன்னா உன் பங்கையும் அதே மடக்கிக்கும். அதனால ஒரு ஞாயித்துக்கிழமை போன உள்ள வெச்சுட்டு வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காரு. வெயில் எப்ப வருது, எங்க விழுது, எப்பப் போவுதுன்னு எழுது. தரையில சுண்ணாம்புக் கோடு கீடு போட்டுறாத, நகர மன்றத்துலேருந்து கடுதாசி வரும்.

ஆறு மணி நேரம் வந்துச்சா, நீ ராஜா. வெண்டை போடு, கத்திரி போடு, சில்லி பாடி போடு. மூணு மணி நேரந்தானா? பாண்டான், வெத்தலை, கற்பூரவல்லியோட நிறுத்திக்க. கங்கோங் கேக்கவே வேண்டாம். பூன் லே பிளேஸ் சந்தையில வாங்கின கட்டுல கீரையச் சமைச்சுட்டு, முத்தின தண்ட ஈரமண்ணுல குத்தி வெச்சாலே துளுத்துடும். தக்காளிக்கு ராத்திரி குளிரணும். இங்க ராத்திரியும் 25 டிகிரியிலயே நிக்கும், பூவெல்லாம் கொட்டிடும். கொத்தமல்லி நாலு இலை விட்டதும் சூடு தாங்காம பூத்துப் போவும். மல்லிக்குப் பகல் பூரா வெயில் வேணும். மருமவப் பொண்ணுக்குப் பூ வேணும்னா காம்பெல் லேன்ல முழம் போட்டு வாங்கிக் குடு, வாசனையும் கூடுதல், வேலையும் மிச்சம்.

இந்தப் பேட்டைக்குப் பேரு வந்ததே ஒரு தோட்டக்காரராலதான், தெரியுமா? சியூ பூன் லே. கேம்பியரு, மிளகு, அப்புறம் ரப்பர்னு போட்ட மனுஷன். அவருக்கு ஏக்கர் கணக்கு. உனக்குக் கதவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவுல ரெண்டு சாண். அதுலயும் ஆளு தப்பிச்சு ஓட 1.2 மீட்டர் வழி விடணும்னு குடிமைத் தற்காப்புப் படை சொல்லுது. அளந்து பாரு. தொட்டி வெக்க இடம் மிஞ்சுனா அதுவே பெரிய லாபம்.

தொட்டிக்குக் கீழ தட்டு வெச்சிருக்கே பாரு, அத எடுத்துடு. 20 காசு அகலத் தண்ணி போதும் ஏடிஸ் கொசுவுக்கு. ஒரு வாரத்துல பேரப்புள்ளை எடுத்துடும். சுற்றுப்புற வாரியத்து ஆளு டார்ச்சோட வந்து பாத்து ஒரே ஒரு புழு நெளிஞ்சாலும் 200 வெள்ளி. 200 வெள்ளிக்கு தேக்காவுல எத்தன கிலோ வெண்டைக்கா வரும்னு நீயே கணக்குப் போடு, நீதான் படிச்சவன்.

வெயிலே இல்லையா? அழாத. 2016ல ஹார்ட்பார்க்குல ஆரம்பிச்சு பூங்காக் கழகம் வாடகைப் பாத்தி விடுது. ரெண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 3 வருஷம். குலுக்கல்ல பேரு விழணும், அவ்வளவுதான். இல்லேன்னா பிளாக்குக்குக் கீழ சமூகத் தோட்டம் இருக்கான்னு பாரு. அங்க போயி முதல் நாளே யோசனை சொல்லாத. எரு மூட்டையத் தூக்கு. யாரும் கேக்கலன்னா இன்னும் ஒரு மூட்டையத் தூக்கு.

அப்புறம், சில்லி சிவந்ததும் முதல் பறிப்ப எதிர் வீட்டு ஆன்ட்டிக்குக் குடு. நகர மன்றத்து நம்பர் அவங்க போன்லதான் இருக்கு.