நடந்தே வந்த பாதிரியார்

கேள்வி: மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல் பாதிரியாரா, இலக்கண வாத்தியாரா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பாதிரியார்தான். இலக்கணம், ஓய்வு நேரத்தில் உருவான ‘சைடு பிசினஸ்’!

அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல் 1838-ல் சென்னை வந்தபோது நம் பக்கத்தில் துறைமுகமே கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். மசூலா படகில் அலையோடு மல்லுக்கட்டி, நனைந்தபடிதான் கரையேற வேண்டும்.

1841-ல் திருநெல்வேலிக்குக் கிளம்பினார், நடந்தே! நேர்வழியிலுமல்ல, தஞ்சை, திருச்சி, நீலகிரி என்று சுற்றிக்கொண்டு. வழியில் உதகையில் ஆங்கிலிக்கன் குருப்பட்டம். நமக்கோ, ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் நின்றாலே ரத்தம் கொதிக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் போய்ச் சேர்ந்த இடையன்குடியில் செம்மணல் தேரியும் பனைமரமும்தான் சொத்து. அங்கே பள்ளிக்கூடம் வைத்தார், தெருக்களை நேராக்கினார். மனைவி எலிசா, பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்; நூல் கையில் ஏறியதும் காசும் ஏறியது. 1847-ல் தொடங்கிய தேவாலயம் 1880-ல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்து மூன்று வருஷம்! காண்ட்ராக்டர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்டாமல் இருக்க வேண்டும்.

இதற்கு நடுவில்தான், 1856-ல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலை வெளியிட்டார். 1877-ல் பிஷப் ஆனார். 1891-ல் கொடைக்கானலில் மறைந்தார், அடக்கம் இடையன்குடியில். சிலை மட்டும் 1968-ல் மெரினாவுக்கு வந்தது. அவ்வளவு நடந்தவர், இனியாவது நிற்கட்டுமே!