ஒரு நாள் கூட்டினால் எவ்வளவு ஆகும்?

பெறுநர்:
நாடாளுமன்ற விவகார அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: மக்களவையைக் கூடுதல் நாட்கள் கூட்டுவதால் கஜானாவுக்கு ஏற்படும் பாரம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாடாளுமன்றத்தை இன்னும் கொஞ்ச நாள் நடத்தலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், “செலவு யார் வீட்டுப் பணம்?” என்று ஒரு குரல் கிளம்பிவிடுகிறது. அதற்குத் தோதாக, 2012-இல் உங்கள் துறை அமைச்சராக இருந்த பவன் குமார் பன்சால் சொன்ன கணக்கை எடுத்து நீட்டுகிறார்கள்: அவை நடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இரண்டரை லட்சம் ரூபாய்.

வரி கட்டுகிற ஆள் என்ற முறையில், உங்கள் சிக்கனத்துக்கு ஒத்தாசையாக நானும் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் 1.24 லட்சம். அவை கூடினாலும் கூடாவிட்டாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். செயலக ஊழியர் சம்பளமும் அப்படித்தான். ஆக, ஒரு நாள் கூடுதலாகக் கூட்டினால் புதிதாக ஆகும் செலவு என்ன? பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் கிடைக்கும் தினப்படி, தலைக்கு 2,500 ரூபாய். அமைச்சர்கள் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. பரவாயில்லை, 543 பேரும் போட்டதாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 13,57,500 ரூபாய். பன்சால் விலையில் ஐந்தரை நிமிடக் காசுகூட இல்லை. ஏசி, மின்சாரம், டீ எல்லாம் சேர்த்து இதை இரட்டிப்பாக்கினாலும் பதினொரு நிமிடம்தான்.

அரசியலமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம், மக்களவை ஆண்டுக்கு 120 நாளாவது கூட வேண்டும் என்று 2002-இல் பரிந்துரைத்தது. 17ஆவது மக்களவை கூடியது ஐந்தாண்டில் 274 நாள், அதாவது வருடத்துக்கு 55. முதலாவது மக்களவை 677 நாள் கூடியது; அன்றைக்குச் சிக்கனம் தெரியாதவர்கள் இருந்திருக்கிறார்கள். 120-க்கு வருடந்தோறும் குறைகிற 65 நாளையும் கூட்டினால் தினப்படி ஒன்பது கோடியைத் தொடாது. 888 இருக்கைகளோடு 2023-இல் திறந்த புதிய மக்களவை மண்டபம் எதற்கு என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. மண்டபத்துக்கு வருஷ வாடகையைக் கட்டிவிட்டு, வாழை இலைக்குக் காசில்லை என்று முகூர்த்தத்தைத் தள்ளிப்போடும் பெண் வீட்டாரை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மொத்தச் செலவை நடந்த நிமிடங்களால் வகுத்துத்தானே விலை சொல்கிறார்கள்? நாளைக் குறைக்கக் குறைக்க நிமிடத்தின் விலை ஏறுமே! அரசியலமைப்பின் 85ஆவது கூறு, இரண்டு கூட்டத்தொடருக்கு நடுவே ஆறு மாதம் போகக்கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் கூட்டிக் கலைத்தாலும் சட்டம் கோபித்துக்கொள்ளாது. அப்போது ஒரு நிமிடம் என்ன விலைக்குப் போகும் என்று போட்டுப் பார்த்து, கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டேன்.

உண்மையான சிக்கனத்தை 2018 மார்ச் 14 அன்று மக்களவை செய்து காட்டியது. 24.42 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட். எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் அமளிக்கு நடுவே, விவாதமே இல்லாமல், சுமார் அரை மணி நேரத்தில் நிறைவேறின. அரை மணி நேரத்துக்கு அவைச் செலவு பழைய விலையில் 75 லட்சம். நிமிடத்துக்கு 81,000 கோடிக்கு மேல் பைசல்! ரயில்வேக்கு இவ்வளவு ஏன், பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு ஏன் என்று உறுப்பினர்களைக் கேட்க விட்டிருந்தால் நாலு நாள் தினப்படி தண்டம்.

கடைசியாக ஒரு விவரம் மட்டும் தெரிய வேண்டும். கொரோனாவைக் காட்டி 2020 குளிர்காலக் கூட்டத்தொடரை நடத்தாமல் விட்டீர்கள். அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா குறையில்லாமல் நடந்தது. அந்தத் தொடரில் மிச்சம் பிடித்த தினப்படி எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
டீக்கும் ஜிஎஸ்டி கட்டும் ஒருவன்