தாளிதத்தின் விலை

பொன்முடிக்குப் போகிறவர்களுக்குக் கல்லாறு என்றால் குளிர்ந்த தண்ணீர், 22 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே குடியிருப்பவர்களுக்கு மலையேற்றம் விதுரா கடைத்தெருவில். 2025 நடுவில் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியது, அதுவும் தென்னை நாட்டில்! வைத்தியர் வருடக்கணக்கில் சொல்லியும் விடாத பொரித்த பப்படத்தை மளிகைக்காரர் ஒரே மாதத்தில் விடவைத்தார். இப்போது சுட்டுத் தின்கிறோம்.

கேரள அரசின் சப்ளைகோ கடை இருக்கிறதே என்பீர்கள். 2024 பிப்ரவரி முதல் அங்கே மானியப் பொருள்களுக்குச் சந்தை விலையில் 35 சதவீதம்தான் தள்ளுபடி. சந்தை ஏறினால் சலுகை விலையும் கைகோத்து ஏறும்.

அங்கே போய்வர பெட்ரோல் வேண்டும். அதில் லிட்டருக்கு 2 ரூபாய், 2023 ஏப்ரல் முதல், சமூகப் பாதுகாப்பு செஸ். ஏழை முதியோரின் ஓய்வூதியத்துக்காம். ஆகவே சிக்கனம் பார்க்காதீர்கள், பாட்டிக்காகவாவது வண்டியை எடுங்கள்.