ஊரெல்லாம் கடைசி இலக்கம் சைபர்

வாலே பேராண்டி, உக்காரு. பால் சங்கத்துக் கணக்கை எல்லாம் கூகுள் ஷீட்ஸ்ல ஏத்திட்டேன், இனிமே ஒங்க நோட்டைக் கரையான் தின்னட்டும்னு சொன்னேல்லா? கரையான் இன்னும் வரல. பேங்க்லருந்துதான் ஆள் வந்தாரு.

பால் பணம் போட நீ அனுப்புன பட்டியல்ல, மாடு வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் கணக்கு நம்பரு சைபர்ல முடியுதாம். ஊர் ஒத்துமையப் பாத்தியா! நம்மாளுக நம்பரு 16 இலக்கம். எக்செலுக்கு ஞாபகசக்தி 15 இலக்கந்தான். மிச்சத்துக்கு ஒரு முட்டையப் போட்டு ஒப்பேத்திரும். முன்னால சைபர் இருந்தா அதையும் முழுங்கிரும்.

"சிஎஸ்வியாத்தானே இறக்குனேன் தாத்தா"ங்கியா? இறக்குனது சரிதாம்லே. சிஎஸ்வி ஒரு பண்டாரம். கலரு, ஃபார்முலா, பக்கத்து ஷீட்டு எல்லாத்தையும் துறந்துட்டு, திறந்து கிடக்கிற ஒரே ஷீட்டோட எழுத்தையும் கமாவையும் மட்டும் தூக்கிட்டுக் கிளம்பிரும். ஆனா உள்ளதை உள்ளபடி கொண்டுவரும். நீ சும்மா இருக்கமாட்டாம எக்செல்ல ரெண்டு தட்டு தட்டித் திறந்து, சுருங்கித் தெரிஞ்ச நம்பரை முழுசா விரிச்சு வச்சு, சேவ் வேற குடுத்தே பாரு, அங்கதான் பால் திரிஞ்சுது. கோமதிங்கிற பேரு எறும்பு மையில உருண்டாப்ல வந்துச்சே, அப்பவாவது முழிச்சிருக்கலாம். அது யுடிஎஃப்-8 எழுத்துன்னு எக்செலுக்கு எவன் சொன்னான்?

வெக்கப்படாதலே. 2020ல இங்கிலாந்துல கொரோனாக் கணக்கெடுத்த படிப்பாளிகளே, லேப்லருந்து வந்த சிஎஸ்வியப் பழைய எக்ஸ்எல்எஸ்ல கொட்டுனாங்க. அந்தப் படி 65,536 வரிசைதான் கொள்ளும். 15,841 பேரு அன்னன்னைக்குக் கணக்குல ஏறாம நின்னுட்டாங்க. புது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 10,48,576 வரிசை தாங்கும். நம்மூர்ல அவ்வளவு மாடு கிடையாது.

அதனால மறுவாட்டி எக்ஸ்எல்எஸ்எக்ஸாவே இறக்கு. நம்பர் பத்திய ஷீட்லயே பிளெயின் டெக்ஸ்ட்டா வச்சிருந்தா அப்படியே வந்துசேரும். பேங்க்காரரு சிஎஸ்விதான் வேணும்னா இறக்கு, அனுப்பு, நடுவுல கைய வைக்காத. பாக்காம தூக்கம் வராதுன்னா நோட்பேட்ல பாரு. பிடிஎஃப்பா? அது சட்டம் போட்டு மாட்டுன ஒங்க பாட்டன் படம்லே. கும்பிடலாம், வேலைக்கு அனுப்ப முடியாது.

எனக்கு மட்டும் எப்படிப் பணம் சரியா வந்துதுன்னு பாக்கியா? என் நம்பரு பொறக்கும்போதே சைபர்ல முடியுது.

அந்தா, கோமதி சித்தி வெறுந்தூக்கோட வாரா. நீயே வெளக்கிச் சொல்லு. நான் கொல்லைப் பக்கம் போறேன்.